பாட்டு ஓடட்டுமா, சார்?

நம் பழைய ட்ராயிங் ஹாலை இடிக்காமல் புதுப்பித்து, கணினி வரைபடக் கூடமாக மாற்றிக் கொடுப்பது என்று சங்கம் முடிவெடுத்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஏற்பாட்டுக் குழுவில் அடியேனும் ஒருவன். ஃபேன் எத்தனை, பிளக் பாயிண்ட் எங்கெங்கே என்று பேசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது படிக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து ஒரு தாள் வந்தது. ஏழு கோரிக்கைகள். ஆறு வழக்கமானவை: தண்ணீர், கழிப்பறை, நாற்காலி இப்படி. ஏழாவது மட்டும் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. வகுப்பில் வேலை செய்யும் நேரத்தில் ஹெட்போனில் பாட்டுக் கேட்க அனுமதி வேண்டுமாம்.

"எங்க காலத்துல விசில் அடிச்சாலே வெளியில நிக்க வெச்சிருவாங்கப்பா" என்றார் 1982 செட் அண்ணன் ஒருவர். "காலம் மாறிப்போச்சுண்ணே" என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் அதிலேயே போனது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "நீதான் பாட்டுப் பைத்தியமாச்சே. இதோட வரலாறு என்ன, எவன் எங்க செஞ்சு பார்த்தான்னு மலர்ல ஒண்ணு எழுதிக் குடு. படிச்சிட்டு முடிவு பண்ணலாம்."

எழுதிவிட்டேன். இதில் ஒரு பழைய கணக்கையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. அது பிறகு.

வேலையும் பாட்டும் சேர்வது நமக்குப் புதிதல்ல. நடவு, களை, நெல் குத்துதல், சுண்ணாம்பு இடித்தல் என்று நம் ஊரில் பாட்டில்லாத கைவேலை குறைவு. ஏற்றப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்றமரத்தில் முன்னும் பின்னும் நடப்பவரும், கீழே சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பவரும் ஒரே கதியில் இயங்கியாக வேண்டும். ஒருவர் முந்தினால் இன்னொருவர் கிணற்றுக்குள். அந்தக் கதியைக் கொடுத்தது பாட்டு. இதுவரை எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். கவர்னரும் கவுண்டரும் ஒரே கருவியில்! மெக்கானிக்கல்காரன் மெச்சத்தான் வேண்டும்.

இந்த ஏற்றப்பாட்டைப் பற்றிக் கம்பரைச் சேர்த்து ஒரு செவிவழிக் கதை உண்டு. வழியில் போன கம்பர், ஏற்றம் இறைப்பவன் பாடிய ஓர் அடியைக் கேட்டு நின்றுவிட்டாராம். அந்த நேரம் பார்த்து அவன் அன்றைய வேலையை முடித்துப் பாட்டையும் நிறுத்திவிட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கவிச்சக்கரவர்த்திக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. பொழுது விடிந்து மறுபடி ஏற்றங்கரைக்கு வந்து அடுத்த அடியைக் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது என்பார்கள். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே பாட்டு, இறைத்தவன் கைக்கு உதவியது. சொல்லையே தொழிலாகக் கொண்டவரின் வேலையைக் கெடுத்தது.

தொழிற்சாலை வந்ததும் நிலைமை மாறியது. இயந்திரச் சத்தத்தில் தொழிலாளி பாட முடியாது. பாடினாலும் மேஸ்திரி விடமாட்டார். சத்தமில்லாத வேலை நடந்த இடங்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. கியூபாவின் ஹவானா நகரில் 'எல் ஃபிகரோ' என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் 1865-ல், சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கினார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் பணத்திலிருந்து கொடுத்தார்கள். விரலுக்கு வேலை, காதுக்குக் கதை. மறு ஆண்டே ஸ்பானிய அரசு இதற்குத் தடை போட்டது. கேட்பதில் அரசியல் கலந்துவிடும் என்ற பயம்தான். பிற்பாடு வழக்கம் திரும்பி வந்தது. கியூபத் தொழிலாளர்கள் குடியேறிய அமெரிக்காவின் டாம்பா நகருக்கும் போனது. அங்கே 1931-ல் முதலாளிகள் வாசகர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் ரேடியோ வந்து உட்கார்ந்தது. படிப்பவர் போய்ப் பாட்டு வந்தது சின்ன மாற்றம்போலத் தெரியும். காதில் எது விழ வேண்டும் என்று முடிவு செய்யும் ஆள் மாறிவிட்டார், அதுதான் பெரிய மாற்றம்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் நமக்கு நெருக்கமான ஒரு சோதனை நடந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. எடிசன் கம்பெனி தன் ஃபோனோகிராஃப் விற்பனைக்காக, எந்த இசை மனதை என்ன செய்கிறது என்று ஆராய, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரி உளவியலாளர்களுடன் சேர்ந்திருந்தது. அந்த ஆராய்ச்சியில் இருந்த எஸ்தர் கேட்வுட் என்ற பெண்மணி 1921-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருள் என்ன தெரியுமா? கட்டடக்கலை வரைபட அறையில் இசை! டி-ஸ்கொயரும் பென்சிலுமாகக் குனிந்திருக்கும் மாணவர்களுக்கு ஃபோனோகிராஃப் வைத்துப் பார்த்திருக்கிறார். நம் தம்பிகளின் ஏழாவது கோரிக்கை நூறு வருடத்துக்கு முன்பே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது.

இதில் எடிசனின் வியாபாரமும் கலந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விற்பவன் செய்யும் ஆராய்ச்சியை விற்பவனின் ஆராய்ச்சியாகத்தான் படிக்க வேண்டும். மேலும் இசை பிடித்ததா என்று கேட்பது வேறு, வரைந்த கோடு நேராக வந்ததா என்று அளப்பது வேறு.

அளக்கும் வேலையை இங்கிலாந்துக்காரர்கள் தொடங்கினார்கள். அங்கே தொழில்சுகாதார ஆராய்ச்சிக் கழகத்துக்காக வயட், லாங்டன் என்ற இருவர், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களின் சோர்வையும் சலிப்பையும் ஆராய்ந்து 1937-ல் அறிக்கை தந்தார்கள். இசை ஒலித்த நேரத்தில் உற்பத்தி கூடியது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. மூன்றாண்டில் போர் உச்சத்துக்கு வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. 1940 ஜூன் 23-ல் பி.பி.சி. 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. காலை பத்தரைக்கு அரை மணி, பிற்பகல் மூன்றுக்கு அரை மணி. நம் ஊர் டீ நேரம்தான்! தூக்கம் வந்து கை தளரும் நேரம் அது. 1942-ல் இரவு ஷிப்டுக்கென்று மூன்றாவது அரை மணியும் சேர்ந்தது.

இந்த நிகழ்ச்சிக்கு அவர்கள் போட்ட விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இசையின் ஒலி அளவு ஏறி இறங்கக்கூடாது. இறங்கினால் இயந்திரச் சத்தத்தில் மூழ்கிவிடும். தெரிந்த மெட்டாக இருக்க வேண்டும். பெரும்பாலும் வாத்திய இசை. தூங்க வைக்கும் மெட்டு வேண்டாம். 'டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற பிரபலமான பாட்டுக்குத் தடையே போட்டார்கள். ஏன் என்கிறீர்களா? அதில் இடையிடையே கைதட்டும் இடம் வரும். தொழிலாளி செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவார், இல்லாவிட்டால் ஸ்பேனரால் இயந்திரத்தின்மேல் தட்டுவார். பாட்டு வேலைக்குப் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் வந்து கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பதைப் புரிந்துகொண்டு செய்த காரியம் இது. நிகழ்ச்சி 1967 வரை ஓடியது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இதையே வியாபாரமாக்கினார்கள். ஒரே கம்பியில் பல செய்திகளை வெவ்வேறு அதிர்வெண்ணில் அனுப்பலாம் என்று 1910-ல் காட்டியவர் ஜார்ஜ் ஸ்குவையர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. ஈ.சி.ஈ. தம்பிகள் படிக்கும் மல்டிபிளெக்சிங்கின் முன்னோடிகளில் ஒருவர். அந்த யோசனையிலிருந்து கம்பிவழி இசை பிறந்தது. 1934-ல் அதற்கு 'மியூசாக்' என்று பெயர் வைத்தார். மியூசிக்கையும் கோடாக்கையும் ஒட்டி வைத்த பெயர். பிற்பாடு அந்தக் கம்பெனி செய்ததுதான் வேடிக்கை. கால் மணி நேரத்துக்கு மெட்டுகளின் வேகமும் விறுவிறுப்பும் படிப்படியாக ஏறும், அடுத்த கால் மணி நிசப்தம். தொழிலாளியின் சுறுசுறுப்பை வரைபடம் போட்டு, அது இறங்கும் இடத்தில் இசையை ஏற்றினார்கள். பாய்லருக்குக் கரி போடுவதுபோல. கேட்பவனிடம் 'உனக்கு என்ன பாட்டு வேண்டும்' என்று யாரும் கேட்கவில்லை.

இனி நம் கல்லூரிக்கு வருவோம்.

2006-ல் நான் முதலாண்டு சேர்ந்தபோது எங்களுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எடுத்தவர், ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு சார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்; எங்கள் செட்டுக்குச் சொல்லாமலே தெரியும். சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேர வகுப்பு. அன்று மட்டும் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட், 1986-ல் வந்தது. அல்லது 'நத்திங் பட் விண்ட்'. இரண்டும் வாத்திய இசை. "சார், ஒரு சினிமாப் பாட்டு போடுங்க சார்" என்று கெஞ்சுவோம். "வாய் இருக்கிற பாட்டு எதுவும் இந்த ஹாலுக்குள்ள வராதுடா" என்பார். மினி டிராஃப்டரை நகர்த்தி, கூம்பை வெட்டி, ஐசோமெட்ரிக் போட்டுக்கொண்டிருப்போம், வயலின் ஓடிக்கொண்டிருக்கும். கோடெல்லாம் முடிந்து அளவு குறிக்கவும் எழுத்து எழுதவும் ஆரம்பிக்கும்போது டக்கென்று நிறுத்திவிடுவார். "இப்ப எண்ணு எழுதுற நேரம். காது சும்மா இருக்கட்டும்."

ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிழவருக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்தோம்.

அதே காலத்தில் எங்கள் சட்டைப்பைக்குள் வேறொன்று குடியேறிக்கொண்டிருந்தது. சோனி கம்பெனி 1979 ஜூலை 1-ல் முதல் வாக்மேனை ஜப்பானில் 33,000 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் மாடலில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற யோசனை! ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டனும் உண்டு. அமுக்கினால் பாட்டின் சத்தம் குறைந்து, ஒரு மைக் வழியாகப் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழும். வாங்கியவர்கள் யாரும் அதை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லைபோலும், பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டன் காணாமல் போய்விட்டது. ஊருக்கெல்லாம் ஒரே பாட்டு என்ற காலம் முடிந்து, ஆளுக்கொரு பாட்டு, அதுவும் பக்கத்திலிருப்பவன் பேச்சு கேட்காத பாட்டு என்ற காலம் தொடங்கியது. நான் படித்த நாட்களில் அது இரண்டு ஜி.பி. மெமரி கார்டு போட்ட செல்போனாக வந்து நின்றது.

அந்தப் பட்டன் என்னிடம் இருந்திருக்கலாம். இதுதான் முன்பு சொன்ன பழைய கணக்கு.

இரண்டாமாண்டு, லேத் ஷாப். ஒரு மெஷினுக்கு இருவர். காக்கி கோட்டுக்குள்ளேயே வயரை விட்டு இடது காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருந்தேன். முடியும் கொஞ்சம் நீளம், இன்ஸ்ட்ரக்டருக்குத் தெரியாது. ஜாபை மாட்டி, சக் சாவியால் இறுக்கினேன். பாட்டில் எனக்குப் பிடித்த இடம் வந்தது. சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன். என் பார்ட்னர் இடது பக்கம் நின்று "சாவி! சாவி!" என்று இரண்டு முறை கத்தியிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் எட்டி எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் சக் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சாவி பறந்து அவன் வலது மணிக்கட்டில் அடித்து, சுவரில் மோதி விழுந்தது. நான்கு தையல். இரண்டு அங்குலம் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை.

விசாரணையில் அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "கை தவறிடுச்சு சார்." என் காதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்று வாரம் பேனா பிடிக்க முடியாமல் இருந்தான். அவன் ரெக்கார்டு நோட்டை நான்தான் எழுதினேன். கையெழுத்து மாறியிருப்பதை இன்ஸ்ட்ரக்டர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை வருடம் கழித்து இந்த மலரில்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்: தவறியது அவன் கை அல்ல, என் காது.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கிற பழக்கம் வந்தது. படித்ததில் கொஞ்சம் சொல்கிறேன்.

'மோட்சார்ட் கேட்டால் மூளை வளரும்' என்று ஒரு பேச்சு உண்டல்லவா? அதன் ஊற்று, 1993-ல் 'நேச்சர்' இதழில் ராஷர், ஷா, கீ என்ற மூவர் எழுதிய சிறு கட்டுரை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்க வைத்து, பிறகு இடம், வடிவம் சார்ந்த கணக்குகளைக் கொடுத்தார்கள். மதிப்பெண் கூடியது, கால் மணிக்குள் அந்த விளைவு கரைந்தும் போனது. கவனியுங்கள், இசை கேட்டது கணக்கைப் போடுவதற்கு முன், போடும்போது அல்ல. குழந்தை என்ற பேச்சே அதில் கிடையாது. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டோ கேசட்டோ கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார்! மறு ஆண்டே வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்த விளைவு கிடைக்கவில்லை. 2001-ல் வந்த இன்னொரு ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது: இசை கேட்டவர் உற்சாகமாக இருந்தார், உற்சாகமாக இருந்தவர் நன்றாகச் செய்தார். அவ்வளவுதான். ஒரு நல்ல டிகிரி காபியும் அதைச் செய்யக்கூடும் என்பது என் சொந்தக் கருத்து.

இன்னொரு பக்கம், சலாமே, பாடலி என்ற இருவர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு. எண்களை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருக்கும் வேலையை, பாடகர் குரலோடு வரும் இசை, வெறும் வாத்திய இசையைவிட அதிகமாகக் கெடுத்தது. காதில் விழும் சொல்லும், மனதுக்குள் நாம் சொல்லிக்கொள்ளும் சொல்லும் ஒரே பாதையில் மோதிக்கொள்கின்றன. 'எனக்குப் பிடித்த பாட்டு என்றால் ஒன்றும் ஆகாது' என்று தம்பிகள் சொல்வார்கள். 2011-ல் வேல்ஸில் பெர்ஹாம், விசார்ட் இருவரும் அதையும் சோதித்தார்கள். பிடித்த பாட்டானாலும் பிடிக்காத பாட்டானாலும், நிசப்தத்தோடு ஒப்பிட்டால் நினைவு வரிசை குலைந்தது.

இதைப் படித்தபோது மேஜையைத் தட்டி "அடடா, நம்ம சார்!" என்று கத்திவிட்டேன். வாய் இருக்கிற பாட்டு வேண்டாம், எண் எழுதும்போது எந்தப் பாட்டும் வேண்டாம்: எந்த ஆய்வுக் கட்டுரையும் படிக்காமல், முப்பத்தைந்து வருடம் மாணவர்களின் பென்சிலைப் பார்த்தே அவர் கண்டுபிடித்த விதி. கம்பர் கதையும் அதுவே.

ஒரு தரப்பை மட்டும் சொன்னால் தம்பிகள் சண்டைக்கு வருவார்கள். 2005-ல் தெரசா லெசியுக் என்ற ஆய்வாளர் கனடாவில் 56 மென்பொருள் பொறியாளர்களை ஐந்து வாரம் கவனித்தார். அவர்கள் தங்கள் அலுவலகத்தில், தாங்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டு வேலை செய்தவர்கள். இசையை நிறுத்திய வாரத்தில் மனநிலை தாழ்ந்தது, வேலையின் தரம் குறைந்தது, நேரமும் கூடுதலாகப் பிடித்தது. நானே மென்பொருள் பக்கம் போனவன்தான். பழகிய நிரலை எழுதும்போது எனக்கும் நாதஸ்வரம் ஓடும். பிழை எங்கே என்று தெரியாமல் முழிக்கும்போது கை தானாகப் போய் அதை நிறுத்திவிடும். உங்களுக்கும் அப்படித்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆக, குழுவுக்கு என் கருத்து இது. வரைபடக் கூடத்தில் சனிக்கிழமைகளில் ஒரே ஒரு ஸ்பீக்கர், வாத்திய இசை, எல்லோருக்கும் பொது. எதைப் போடுவது என்பதை வாரம் ஒரு பெஞ்ச் தேர்ந்தெடுக்கட்டும், மியூசாக் மாதிரி மேலிருந்து வர வேண்டாம். ஆசிரியர் "நிறுத்து" என்றால் நிற்க வேண்டும். பாடம் நடத்தும்போது பேச்சே இல்லை. வொர்க்‌ஷாப்பிலும் லேபிலும் இயர்போன் கூடவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசத் தயாரில்லை. இப்போது வரும் ஹெட்போன்கள் வெளிச்சத்தத்தையே அழித்துவிடுகின்றன. 1978-ல் விமானத்தில் பறந்தபோது, அதன் இரைச்சலை ஒழிக்க அமர் போஸ் போட்ட கணக்கில் பிறந்த அருமையான கருவி அது. விமானத்துக்கு நல்லது. லேத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

"ஹெட்போன்தானே கேட்டோம், ஸ்பீக்கர் எதுக்கு?" என்று தாள் கொடுத்த தம்பி ஒருவன் போனில் கேட்டான். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் கூப்பிட்டால் உனக்குக் கேட்க வேண்டும், அதனால்தான் என்றேன். சமாதானமாகவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. சந்திப்பு நாளில் நேரில் வந்து வாதாடுவதாகச் சொல்லியிருக்கிறான். வரட்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை என் லேத் பார்ட்னருக்கு அனுப்பி, அந்தச் சம்பவத்தைப் போடலாமா என்று கேட்டேன். இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாகப் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறான். இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். "போட்டுக்கடா, தழும்பு என் கையிலதான இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு என்ன பாட்டுடா கேட்டுட்டிருந்த?"

சொன்னேன்.

"இதுக்கா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டான்.